மலை சைக்கிளுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி ஏற வேண்டும். வண்டிகளுக்குத் தனி மலைப்பாதை இருக்கிறது. அப்படிப்பட்ட ஏற்றத்தையும் சுற்றுவட்டாரத்துக் கரட்டுத் தடங்களையும் மிதித்தே கடக்க ஆசைப்படுகிறவர் கியர் சைக்கிள் வாங்கப் போனால் தலை சுற்றும். சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது விலை. கூடக் கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டுதான். ஆனால் அது எந்த உறுப்புக்குப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது முன்பக்கத்துச் சஸ்பென்ஷன். மலிவு வண்டியில் அது பெரும்பாலும் வெறும் சுருள்வில்தான். அமுங்கியதும் துள்ளும், அந்தத் துள்ளலை அடக்க உள்ளே எண்ணெய் கிடையாது. எடை மட்டும் கூடும். எழுந்து நின்று மிதித்தால் உழைப்பில் ஒரு பங்கை அந்த வில்லே விழுங்கிவிடும். குண்டும் குழியுமான சாலைக்கு அது வேண்டாமா என்று கேட்கலாம். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலே பாதி அதிர்ச்சி அடங்கிவிடும். மலை சைக்கிள் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் சஸ்பென்ஷனே இல்லாத பழைய தடித்த டயர் சைக்கிள்களில்தான் மலையிறங்கினார்கள். அவர்களைக் கைவிட்டது பிரேக். பின்சக்கர ஹப்பின் பிரேக் கொதித்து, கிரீஸ் புகைந்து போனது. மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் 1976இல் தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே முதல் செலவு பிரேக்குக்கு. ஐப்பசி மழையில் ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை பிடிக்கத் தாமதமாகும். டிஸ்க் அந்த அளவுக்குத் தடுமாறாது. கேபிளில் இயங்கும் டிஸ்க்கே போதும், தெருமுனைக் கடையிலும் இறுக்கிக்கொள்ளலாம். அடுத்தது, ஏற்றத்துக்கேற்ற சிறிய கியரும் உறுதியான பின் ஹப்பும்.

எடை குறைந்தால் ஏறுவது சுலபம் என்பார்கள். கணக்குப் போடுங்கள்: 70 கிலோ ஆள், 16 கிலோ சைக்கிள், மொத்தம் 86. பணத்தைக் கொட்டி 12 கிலோ வண்டி வாங்கினால் 82. மிச்சம் ஐந்து சதவீதம்கூட இல்லை. பந்தயக்காரருக்கு அது பெரிது. நமக்கு அதே பலனைத் தொந்தி குறைந்தால் இலவசமாகவே பெறலாம். சீமைக் கருவேல முள்ளும் விலைச்சீட்டைப் பார்த்துக் குத்துவதில்லை.

பந்தய எண்ணம் இல்லாதவர் நடுத்தர விலையில், சஸ்பென்ஷன் இல்லாத, டிஸ்க் பிரேக் வண்டியை வாங்கட்டும். மிச்சப் பணத்தில் முதலில் ஹெல்மெட்.