வான்வழியும் காலக்கணக்கும்

ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று வினவினால், தொலைவை வேகத்தால் வகுத்து விடை கூறுகிறோம். வானில் பறக்கும் விமானத்திற்கு இக்கணக்கு மட்டும் போதுமா? சிங்கப்பூரிலிருந்து அமெரிக்க நாட்டு நியூயார்க் நகருக்கு இடையில் எங்கும் இறங்காது செல்லும் விமானத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம். உலகின் மிக நெடிய வான்வழிகளுள் இஃது ஒன்று.

முதற்கண் தொலைவை அறிவோம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178. ஆகவே, இவை நிலவுருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தவை. நிலவுருண்டையின்மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே நூலொன்றை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அந்நூல் வடதுருவத்தை ஒட்டிச் செல்லும்! சிங்கப்பூரிலிருந்து துருவம் ஏறத்தாழ 89 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் 49 பாகை. ஆக 138 பாகை. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் எனக் கொண்டால், தொலைவு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் ஆகும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் இத்தொலைவை 17 மணி நேரத்தில் கடக்கலாம். ஆயினும், விமானி எப்போதும் அவ்வழியே செல்வதில்லை. காரணம் யாது? தரைக்கு மேலே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஆறுபோல் ஓடுகிறது. அதன் வேகம் சில வேளைகளில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகும். அதனை எதிர்த்துச் செல்லும் விமானம் தளரும். உடன் செல்லும் விமானம் விரையும்.

ஆதலின், பல நாள்களில் நியூயார்க் செல்லும் விமானம் பசிபிக் கடலின் வடபகுதி வழியாகக் கிழக்கே பறக்கிறது. மீளும் விமானமோ அட்லாண்டிக் கடலையும் ஐரோப்பாவையும் கடந்து, அதுவும் கிழக்கு நோக்கியே வருகிறது! வழி 16,500 கிலோமீட்டராக நீண்டாலும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமுள்ள பின்காற்று வழிமுழுதும் கிட்டுமாயின், பதினாறரை மணி நேரமே ஆகும். ஆனால், காற்று எங்கும் ஒருபடித்தாய் வீசுவதில்லை. ஏறி இறங்கும் நேரமும் சேர்ந்து, பயணம் ஏறத்தாழ 18 மணி நேரமாகிறது.

இக்கணக்கு வெறும் விரைவுக்காக அன்று. இவ்வழிக்கென அமைந்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ள வல்லது. அது தீர்ந்தால் நடுக்கடலில் நிரப்பிக்கொள்ள இயலாது. எனவே, புறப்படுமுன் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றை ஆராய்ந்து வழியை வகுக்கின்றனர். பயணிகள் அனைவரின் உயிரும் இவ்வாராய்ச்சியைச் சார்ந்துள்ளது.

மற்றொரு புதுமையும் உண்டு. குளிர்காலத்தில் நியூயார்க் நகரின் நேரம் சிங்கப்பூர் நேரத்திற்கு 13 மணி பின்தங்கியிருக்கும். நண்பகலில் சிங்கப்பூரை விட்டு 18 மணி நேரம் பறந்தவர், அதே நாள் மாலை 5 மணிக்கு நியூயார்க்கில் இறங்குவார்!

பண்டைக் கடலோடிகள் பருவக்காற்றின் போக்கறிந்து பாய் விரித்தனர். இன்றைய விமானியும் அவ்வாறே காற்றறிந்து செல்கிறார். குறுகிய வழி எதுவெனக் காண்பதோடு அறிவு நின்றுவிடுவதில்லை. உரிய வழி எதுவெனத் தேர்வதே அறிவின் பயனாகும்.