செக்ரோல் புத்தகமும் சிம்ப்யூட்டரும்: கையடக்கக் கருவிக்குள் தமிழ் நுழைந்த கதை

இருள் விலகும் முன்பே பெரட்டுக் களத்தில் போய் நின்றவர்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இன்றும் பலர் இருக்கிறார்கள். லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் என்று எந்தப் பக்கம் போய் விசாரித்தாலும் காட்சியை ஒரே மாதிரிதான் சொல்வார்கள். தண்டல் பெயரைக் கூப்பிடுவார். குரல் கொடுத்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். மத்தியானம் பால் வாளி தராசில் ஏறும். எடையைப் பார்த்துக் கிராணி குறித்துக்கொள்வார். மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம் அந்தச் செக்ரோல் புத்தகத்தைப் பொறுத்தது.

அந்தப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய அம்மாவுக்கு, தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கோடு விட்டுப்போனாலும், எடை குறைந்து பதிவானாலும், "நேற்று நான் வேலைக்கு வந்தேனே" என்று வாயால் சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லை. கணக்கு எழுதும் கருவி யார் கையில் இருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது என்பது வயிற்றுப்பாட்டைத் தொடும் விஷயம் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதே கேள்வியைக் கணினி உலகில் சிலர் கேட்டார்கள். அதற்கு விடையாகத் தமிழும் தெரிந்த ஒரு கையடக்கக் கணினியைச் செய்தார்கள். அந்தக் கருவியையும் அதனுள் இருந்த இயங்குதளத்தையும் பற்றியதே இவ்வார அரங்கின் பேச்சு.

இயங்குதளம் என்பது என்ன?

ஆங்கிலத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று சொல்லப்படுவதுதான் தமிழில் இயங்குதளம். தோட்டத்து ஆபீசை வைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். மரம் வெட்டுபவர் வேறு, களை எடுப்பவர் வேறு, லோரி ஓட்டுபவர் வேறு. ஆனால் யார் எந்தத் துண்டுக்குப் போவது, ஸ்டோர் சாவி யாரிடம் இருப்பது, எந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தில் ஏறுவது என்பதையெல்லாம் ஒருங்கிணைப்பது ஆபீஸ்தான். ஆபீஸ் ஒரு நாள் மூடிக்கிடந்தால் ஆள் இருந்தும் வேலை நடக்காது.

கணினியிலும் அப்படித்தான். கடிதம் எழுதும் மென்பொருள், கணக்குப் போடும் மென்பொருள், விளையாட்டு இவையெல்லாம் வேலையாட்கள். திரையில் எழுத்தைக் காட்டுவது, நினைவகத்தில் இடம் ஒதுக்குவது, மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது, விரல் பட்டதைக் கவனிப்பது ஆகியவை இயங்குதளத்தின் பொறுப்பு. ஒரு கருவிக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்பதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

கைக்குள் வந்த கணினி

1993-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. குச்சியால் திரையில் எழுதினால் கையெழுத்தைப் புரிந்துகொள்ளும் என்றார்கள். தொடக்கத்தில் அது செய்த தவறுகள் கேலிப்பொருளாயின. விலையும் அதிகம். 1998-இல் ஆப்பிள் அதைக் கைவிட்டது.

1996-இல் ஜெஃப் ஹாக்கின்ஸ் உருவாக்கிய பாம் பைலட் சந்தைக்கு வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு. முதல் மாதிரியின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. ஆனாலும் இரண்டு சிறிய மின்கலங்களில் வாரக்கணக்கில் ஓடியது. அதன் இயங்குதளமான பாம் ஓஎஸ் நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டிய வேலைகள், குறிப்பு என்ற நான்கைந்து வேலைகளை மட்டும் தடங்கலின்றிச் செய்தது. அதுவே அதன் வெற்றிக்குக் காரணம்.

அதில் ஒரு பலவீனமும் இருந்தது. எழுதியவை எல்லாம் மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் தங்கின. மின்கலம் முழுவதும் தீர்ந்துவிட்டால் பதிவுகளும் போய்விடும். அதனால்தான் ஒரு பொத்தானை அழுத்தி மேசைக் கணினியில் நகல் எடுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தே கொடுத்தார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு மேசைக் கணினி வைத்திருப்பவருக்கான கருவி அது என்பது இதிலிருந்தே தெரியும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், ஒருவருக்கு ஒரு கருவி வாங்கும் வசதி உள்ளவர் ஆகியோரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கருவி.

பெங்களூரில் பிறந்த மாற்று

இந்த மூன்றும் இல்லாதவருக்குக் கணினி வேண்டாமா? 1998 அக்டோபரில் பெங்களூரில் நடந்த தகவல் தொழில்நுட்பக் கருத்தரங்கை ஒட்டி இந்தக் கேள்வி சூடுபிடித்தது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே உள்ளிட்டோரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தார்கள். எளிமை, மலிவு, பன்மொழி ஆகிய மூன்று குணங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர்தான் சிம்ப்யூட்டர். அதன் முதல் மாதிரி 2001 ஏப்ரலில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

உள்ளே ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, 32 மெகாபைட் நினைவகம், மின்சாரம் போனாலும் அழியாத 24 மெகாபைட் ஃபிளாஷ் சேமிப்பு, கறுப்பு வெள்ளைத் தொடுதிரை. இயங்குதளமாக லினக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் லினக்ஸ்? முதல் காரணம் விலை. வேறு இயங்குதளமாக இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டும். லினக்ஸுக்கு அது கிடையாது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. லினக்ஸின் மூலநிரல் திறந்து கிடக்கிறது. கருவியில் தமிழ், கன்னடம், இந்தி வேண்டுமென்றால் எந்த வெளிநாட்டு நிறுவனத்தின் வாசலிலும் போய் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். தெரிந்தவர்கள் உட்கார்ந்து தாங்களே எழுதிச் சேர்க்கலாம்.

எழுத்து மட்டும் அல்ல, குரலும்

தமிழைத் திரையில் காட்டுவது ஆங்கிலத்தைக் காட்டுவது போல் அல்ல. ஆங்கில எழுத்துகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். தமிழில் 'கொ' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு முன்னால் வருகிறது, ககரம் நடுவில், கால் பின்னால். ஆனால் கணினி இன்று இதைச் சேமிக்கும்போது ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அடுத்தும் வைக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் போட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பகுதி இயங்குதளத்தில் இல்லாவிட்டால் எழுத்து உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் கிடக்கும். பழைய கைப்பேசிகளில் தமிழ்ச் செய்தி வெறும் கட்டங்களாக வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

சிம்ப்யூட்டர் செய்தவர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். படிக்கவே தெரியாதவருக்கு எழுத்து சரியாகத் தெரிந்து என்ன பயன்? அதனால் எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருளையும் உருவாக்கினார்கள். எழுதப்பட்ட சொல்லை ஒலித் துண்டுகளாகப் பிரித்து, முன்பே பதிவு செய்து வைத்த ஒலிகளைக் கோத்து வாசிக்கும் முறை அது. குரலில் இயந்திரத்தன்மை இருக்கும். ஆனாலும் விஷயம் காதுக்குப் போய்ச் சேரும்.

மூன்றாவது அம்சம் அட்டை. ஏழைக் கிராமத்தில் ஆளுக்கொரு கருவி வாங்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் சில்லு பதித்த அட்டை ஒன்று இருக்கும். அதைச் செருகினால் அவருடைய விவரங்கள் திரைக்கு வரும். எடுத்துவிட்டால் அடுத்தவர் பயன்படுத்தலாம். கருவி பொதுச் சொத்து, தகவல் அவரவர் சொத்து.

தோட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால் இதன் பொருள் பளிச்சென்று தெரியும். செக்ரோல் புத்தகம் ஆபீசில் பூட்டிக் கிடக்காமல், தன் பெயர்வழி, தன் எடை, தன் கூலி எல்லாம் தொழிலாளியின் பையில் உள்ள அட்டையிலேயே இருந்து, கேட்கும்போது தமிழில் வாசித்தும் காட்டினால் எப்படி இருந்திருக்கும்? தண்டலும் கிராணியும் நல்லவர்களாக இருந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும் என்ற நிலை மாறியிருக்கும்.

2001 என்ற ஆண்டு

அந்த ஆண்டு மலேசியாவுக்கும் முக்கியமானது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. முந்தைய ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட உத்தமம் அமைப்பின் வழியாகப் பல நாட்டுக் கணினித் தமிழர்கள் எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்க வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. அதே 2001-இல்தான் மைகாட் அறிமுகமானது. சில்லு பதித்த அடையாள அட்டை மலேசியரின் பைக்குள் வந்தது. ஆக, அட்டை இருந்தது, தமிழ் மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கையடக்கக் கருவிக்கான மாதிரியும் இருந்தது. தோட்டத்துத் தொழிலாளியை நடுவில் வைத்து மூன்றையும் சேர்க்கும் திட்டம்தான் பிறக்கவில்லை.

தோட்டங்களும் அப்போது மாறிக்கொண்டிருந்தன. கித்தா மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டுக் குடும்பங்கள் சிரம்பான், செனவாங், நீலாய் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. காட்டில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வந்தார்கள். ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்க முடியாமல் நின்ற தமிழ்த் தாயின் இடத்தில், இன்று தமக்குப் பழக்கமில்லாத மொழியில் எழுதப்பட்ட கணக்கைப் பார்த்து விழிக்கும் வேறு நாட்டவர்கள் நிற்கிறார்கள்.

சிம்ப்யூட்டர் ஏன் நிலைக்கவில்லை?

பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு 'அமிடா' என்ற பெயரில் 2004-இல் சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. கையெழுத்தை அப்படியே மின்னஞ்சலாக அனுப்பும் வசதிகூட அதில் இருந்தது. ஆனால் தொடக்க விலையே 10,000 இந்திய ரூபாயை நெருங்கியது. மாதிரி வெளிவந்து விற்பனைக்கு வருவதற்குள் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்குள் மலிவான கைப்பேசி கிராமங்களுக்குள் நுழைந்துவிட்டது. கிராமத்து மனிதருக்கு முதலில் தேவைப்பட்டது மகனோடும் மகளோடும் பேசுவது. சிம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, சில ஆண்டுகளில் சந்தையிலிருந்தே மறைந்தது.

நல்ல எண்ணமும் நல்ல இயங்குதளமும் இருந்தால் மட்டும் போதாது, விலையும் காலமும் கூடி வரவேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

கைப்பேசிக்குள் தமிழ்

அந்தக் கருவி மறைந்தாலும் அதன் பாதை தொடர்ந்தது. தமிழைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்ததில் மலேசியரின் பங்கு பெரியது. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் செல்லினம், 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியின் இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாத காலம் அது. ஆகவே, எழுத்துகளைத் தானே சுமந்து சென்று திரையில் வரைந்து காட்டும் மென்பொருளாக அது வந்தது. ஆபீஸ் தராத கத்தியை வேலையாளே வீட்டிலிருந்து கொண்டுவந்தது போல என்று சொல்லலாம்.

2008-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசி சந்தைக்கு வந்தது. அதன் அடித்தளம், சிம்ப்யூட்டரில் இருந்த அதே லினக்ஸ்தான். 2013-இல் ஐபோனின் ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ் விசைப்பலகை சேர்ந்தது. தொடுதிரை, தமிழ் எழுத்து, எழுத்தை வாசித்துக் காட்டும் குரல் என்று 2001-இல் பெங்களூர்க்காரர்கள் கனவு கண்ட பலவும் இன்று சாதாரணக் கைப்பேசியில் இருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது

கருவிக்குத் தமிழ் தெரியும். கருவி வைத்திருப்பவர் அதைக் கேட்கிறாரா என்பதுதான் இன்றைய கேள்வி. கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பாட்டிக்கு இதைச் செய்து கொடுக்கலாம். கண் மங்கியவர்களுக்குச் செய்தியை வாசித்துக் காட்டும் வசதியையும் இயக்கிக் கொடுக்கலாம்.

தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் செய்யலாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ்ச் சம்பள விவரத்தைத் தொழிலாளிக்குத் தரவேண்டியது முதலாளியின் கடமை. அந்தச் சீட்டைப் படம் பிடித்து வையுங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை மணி மிகை நேரம் என்பதைக் கைப்பேசியிலேயே தமிழில் தினமும் குறித்து வையுங்கள். கருவி கெட்டுப்போனாலும் கணக்கு போகாதபடி வேறோர் இடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.

அம்மாவும் பாட்டியும் பெரட்டில் நின்ற காலத்தில் கணக்குப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஆபீசில் இருந்தது. இன்று இரண்டாவது புத்தகத்தைத் தொழிலாளியே வைத்துக்கொள்ள முடியும், அதுவும் தன் சொந்த மொழியில்.