கரையில் எரியும் விளக்கு யாருடையது?

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியிலே சிறிது தூரம் போனதும் ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் தென்னந்தோப்புகளும் நம்முடன் கூடவே வருகின்றன. நுரைச்சோலையைத் தாண்டி, மணற்பாங்கான ஒரு கிராமத்திலே நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. தகப்பனார் கடற்றொழிலாளர். மூத்த மகள் கிழக்கிலங்கையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்திலே, நம் முன்னோர் சர்வகலாசாலை என்று வாய்நிறைய அழைத்தார்களே அதிலே, இறுதியாண்டு மாணவி. விடுமுறைக்கு வந்திருந்தவள் தன் கையடக்கத் தொலைபேசியை நம் கையில் வைத்துவிட்டு, "மாமா, இதிலே எங்கே பிழை என்று பாருங்கள்" என்றாள்.

நடந்தது இதுதான். அவள் பல்கலைக்கழகம் புகுந்தது 2022 ஆம் ஆண்டில். பொருளாதார நெருக்கடியினால் தொலைபேசிகளின் விலை எட்டாத உயரத்தில் நின்ற காலம். தகப்பனார் எப்படியோ பணம் புரட்டிப் பிறர் பாவித்த பழைய கருவியொன்றை வாங்கிக் கொடுத்தார். வளாகத்தின் கம்பியில்லா வலையமைப்பிலே அதனை இணைப்பதற்கு மூத்த மாணவர் ஒருவர் உதவினார். திரையிலே ‘சான்றிதழ்’ என்று ஒரு வரி வந்ததாம். "இதற்கெல்லாம் நேரமில்லை, தங்கச்சி" என்று சொல்லி, ‘சரிபார்க்க வேண்டாம்’ என்பதைத் தொட்டுவிட்டார். இணைப்பு உடனே கிடைத்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் ஆண்டிலே, பரீட்சைக்கு விண்ணப்பிக்க வேண்டிய வாரத்தில், அவளுடைய கணக்கின் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டிருந்தனர். வலையமைப்புக்கும் மின்னஞ்சலுக்கும் பரீட்சை விண்ணப்பத்துக்கும் கடவுச்சொல் ஒன்றே. நான்கு நாள் அழுதுகொண்டு அலைந்தபின், இறுதி நாளன்று மாலையிலேதான் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அந்த ஒரு வரியினாலேதான் இது நேர்ந்தது என்று நாம் சாதிக்கமாட்டோம். ஆனால் திறந்து கிடந்த வாசல் அதுவே.

வளாகங்களிலே காணும் இந்த வலையமைப்பின் பெயர் எடுரோம். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் மற்றொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும் தம் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே இணையலாம் என்பது இதன் சிறப்பு. நெதர்லாந்திலே கிளாஸ் வீரங்கா என்னும் நிபுணர் 2002 ஆம் ஆண்டில் முன்வைத்த யோசனை, இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலே பரவியிருக்கிறது. கற்பிட்டியில் 1667 ஆம் ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரின் நாடுதான் அது! அவர்கள் கட்டியது ஆட்களை மறிக்கும் கோட்டை. இவர் திறந்ததோ பல ஊர்க் கதவுகளை. இலங்கையிலே இதனை நடத்துவது, 1990 ஆம் ஆண்டளவில் மின்னஞ்சல் பரிமாற்றத்துடன் தொடங்கிய ‘லேர்ன்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு.

இது இயங்கும் விதத்தைக் கிராம சேவையாளரின் அத்தாட்சிப் பத்திரத்தைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். வேற்றூர் அலுவலகத்துக்குப் போகிறோம். நம்மை அங்கே எவருக்கும் தெரியாது. "உமது ஊர் எது?" என்று கேட்டு, நம் ஊர் அலுவலகத்தை விசாரித்து, அங்கிருந்து ‘இவர் நம்மவரே’ என்று பதில் வந்ததும் உள்ளே விடுகிறார்கள். எடுரோமிலும் அவ்வாறே. மாணவரின் பெயருக்குப் பின்னே ‘@’ குறியும் அவருடைய பல்கலைக்கழகத்தின் முகவரியும் இருக்கும். அந்த முகவரியைப் பார்த்து, விசாரணை லேர்னின் சேவையகம் வழியாகத் தாய்ப் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறது. சில கணங்களில் விடை திரும்புகிறது. கடவுச்சொல்லோ முத்திரையிட்ட உறைக்குள்ளே போகிறது. இடையிலுள்ளோர் உறையின் மேலுள்ள முகவரியை மட்டுமே காண்பர்.

இவ்வளவும் நன்று. ஆனால் அலுவலகம் நம்மை விசாரிக்கிறது. அது உண்மையான அலுவலகம்தானா என்று நாம் விசாரித்தோமா?

வலையமைப்புக்கு எவரும் எப்பெயரையும் சூட்டலாம். பைக்குள் அடங்கும் சிறு கருவியொன்றுக்கு ‘எடுரோம்’ என்று பெயரிட்டு, வளாக வாசலிலுள்ள தேநீர்க் கடையிலே ஒருவன் அமர்ந்துவிட்டால், தொலைபேசி பழகிய பெயரைக் கண்டு தானே அதனிடம் செல்லும். சான்றிதழைச் சரிபார்க்கும் தொலைபேசி, ‘நீ என் பல்கலைக்கழகமல்ல’ என்று விலகிவிடும். சரிபார்க்காத தொலைபேசி உறையை அவன் கையிலேயே கொடுத்துவிடும். பல இடங்களில் வழங்கும் முறையிலே கடவுச்சொல் அப்படியே போவதில்லை. அதைக்கொண்டு கணித்த ஒரு விடையே போகிறது. எனினும், அவ்விடையைக் கைப்பற்றியவர் ஒரு நாளுக்குள் திறவுகோலைக் கண்டறியலாம் என்று 2012 ஆம் ஆண்டிலேயே நிபுணர்கள் செய்துகாட்டினர்.

முற்றத்திலே வலையைச் சீர்செய்துகொண்டிருந்த தகப்பனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன் மகள், கரையிலே எவன் விளக்குப் பிடித்தாலும் தோணியை அங்கே விட்டுவிடுவோமா? எந்தத் துறை, யாருடைய விளக்கு என்று பார்க்கமாட்டோமா?" என்றார்.

"எங்களுக்கு அப்படி யாரும் சொல்லித் தரவில்லையே, வாப்பா" என்றாள் அவள். நியாயமான பதில்.

அவளுடைய தொலைபேசியில் முதலிற் செய்த காரியம், பழைய இணைப்பை ‘மறந்துவிடு’ என்று நீக்கியது. பின்னர் ‘கெட் எடுரோம்’ என்னும் செயலியை இறக்கினோம். பல்கலைக்கழகம் தன் விபரங்களை அதிலே பதிந்திருந்தமையால், சான்றிதழும் சேவையகத்தின் பெயரும் தாமே அமைந்தன. அவ்வாறு பதியாத பல்கலைக்கழகமாயின், அதன் கணினிப் பிரிவிலே சேவையகப் பெயரைக் கேட்டறிந்து, ‘டொமைன்’ என்ற இடத்தில் எழுதவேண்டும். ஐபோன் முதன்முறை சான்றிதழைக் காட்டி, நம்பலாமா என்று வினவும். பெயரைப் படிக்காமல் ‘ஆம்’ என்று தொடலாகாது. ஆண்ட்ராய்டு 11 இன் புதுப்பிப்பொன்றிலிருந்து, அதாவது 2020 ஆம் ஆண்டின் இறுதி முதல், ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற தெரிவே அகற்றப்படலாயிற்று. பழைய கருவிகளிலே அது இன்னும் காத்திருக்கிறது. பழையதை வாங்கும் ஏழை மாணவருக்கே ஆபத்து அதிகம் என்பது நம் மனத்தை உறுத்துகிறது.

பெயரை எழுதும்போது ‘@’ குறிக்குப் பின்னுள்ள பகுதியைப் பலர் விட்டுவிடுவர். சொந்த வளாகத்தில் அது சில வேளை செல்லும், வெளியூரிற் செல்லாது. தொலைபேசியின் திகதி பிழைத்திருந்தாலும் சான்றிதழ் காலாவதியானது என்று கருவி மறுத்துவிடும். கடவுச்சொல்லையும் புதிதாக மாற்றிக்கொண்டாள்.

அவள் மறு வாரம் செல்லவேண்டியிருந்தது மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுகூடத்துக்கு. நம் களப்பின் நீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலை. அங்கே அவளுக்கு எவரும் புதிதாகக் கணக்குத் திறந்து கொடுக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, நூலகத்தின் அருகே போய் நின்றதும் தொலைபேசி தானே இணைந்துகொண்டது என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினாள்.

கடலிலிருந்து திரும்பிய தகப்பனாருக்கு மகளின் செய்தியை உம்மா வாசித்துக் காட்டினாராம். "அது இருக்கட்டும், பிள்ளை சாப்பிட்டதா என்று கேள்" என்றாராம் அவர்.