காலா அஸாரும் கொழுப்புக் குமிழியும்

கிணற்று ஜலம் கடினமாயிருந்தால் ஸோப்பு நுரைப்பதில்லை; துணியின்மேல் வெண்மையான திட்டுத்தான் படிகிறது. இதன் காரணத்தை அறிந்தால், பீஹார் கிராமங்களில் அநேகர் உயிரைக் காத்த ஒரு மருந்தின் இரகசியமும் விளங்கிவிடும்.

ஸோப்பின் ஒவ்வோர் அணுத்திரளுக்கும் ஜலத்தை நாடும் தலை ஒன்றும், எண்ணெயை நாடும் வால் ஒன்றும் உண்டு. தலையில் எதிர் மின்சாரம் இருக்கிறது. ஒரே ஜாதி மின்சாரம் ஒன்றையொன்று விலக்குமல்லவா? ஆகையால் தலைகள் விலகியே நிற்க விரும்புகின்றன. கடின ஜலத்திலுள்ள கால்ஷியமோ நேர் மின்சாரம் உடையது. அது இரண்டு தலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஸோப்பு கரையாமல் திட்டாகிவிடுகிறது.

சில அணுத்திரள்களுக்கு இரட்டை வால் உண்டு. சோயா மொச்சையிலிருந்து எடுக்கும் லெஸிதின் அவ்வினத்தது. ஜலத்தில் அவை வாலோடு வால் சேர்ந்து, இரண்டடுக்குச் சுவராகி, வளைந்து நுண்ணிய குமிழிகளாகின்றன. 1964-ல் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் என்பவர் இவற்றை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டு வெளியிட்டார். சுவரிலுள்ள தலைகளெல்லாம் ஒரே மின்சாரம் உடையவையானால், பெரும்பாலும் இடைவெளி விரிந்து வால்கள் ஒழுங்கு குலையும். மாறான மின்சாரம் கலந்தால் அவை நெருங்கி அணிவகுத்து நிற்கும்.

இந்த உண்மையே காலா அஸார் என்னும் கொடிய காய்ச்சலுக்கு எதிரான ஆயுதமாயிற்று. மணல் ஈயால் பரவும் அவ்வியாதிக்கு, 1920-ல் கல்கத்தா காம்பெல் ஆஸ்பத்திரியில் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மசாரி யூரியா ஸ்டிபமைன் என்னும் ஆண்டிமனி மருந்தைக் கண்டுபிடித்து எண்ணற்றோரைக் காத்தார். பிற்காலத்தில் பீஹாரில் ஆண்டிமனி மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்கவில்லை. ஆம்போடெரிஸின் பி என்னும் வேறொரு மருந்து கிருமியைக் கொன்றது; ஆனால் சிறுநீரகத்தையும் வாட்டியது. பல நாள் ஊசியும் வேண்டியிருந்தது. கூலி வேலையை விட்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்க ஏழைக்கு இயலுமா?

அம்மருந்தில் நேர் மின்சாரம் ஏற்கும் இடம் ஒன்று உண்டு. எனவே எதிர் மின்சாரமுள்ள ஒரு கொழுப்பை லெஸிதின் குமிழியின் சுவரில் சேர்த்தார்கள். மருந்தும் கொழுப்பும் கைகோத்தன. கொலஸ்டிராலும் சேர்ந்து சுவரை இறுக்கிற்று. வழியில் சிதறிச் சிறுநீரகத்தைத் தாக்குவது குறைந்தது. 2010-ல் வெளியான பீஹார் ஆராய்ச்சியில், இம்மருந்தை ஒரே தடவை ஏற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 96 பேர் ஆறு மாதம் கழித்தும் நோயற்றிருந்தனர்.

துணியில் திட்டாய்ப் படிந்த அதே கவர்ச்சிதான், நோயாளியைச் சீக்கிரம் வீடு சேர்த்தது. எளியவரின் நோயைத் தமது ஆராய்ச்சியாகக் கொண்ட பிரம்மசாரியின் வழியில் நமது இளைஞர்களும் செல்வார்களானால், அதைவிடச் சிறந்த தேசத் தொண்டு வேறென்ன?