தசைக்குள் பூட்டவிழும் மரபணு

விசிலடிக்க வாய் குவியாது. தூங்கும்போது இமை முழுதாக மூடாது. கையைத் தூக்கினால் தோள்பட்டை எலும்பு முதுகில் புடைத்துக்கொண்டு நிற்கும். முகத்தையும் தோளையும் மேற்கையையும் முதலில் பிடிக்கும் ஒரு பரம்பரைத் தசைச் சிதைவு நோய் இது. பிரான்ஸ் மருத்துவர்கள் லாண்டூசியும் டெஜெரினும் 1880களிலேயே இதை விவரித்துவிட்டார்கள். ஆனால் நோயின் மூலம் தெளிவாக 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தசைச் சிதைவு என்றால் பலருக்கும் நினைவுக்கு வரும் டுஷென் வகையில், டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாமல் போகிறது. இங்கே நேர்மாறு. தசையில் இருக்கவே கூடாத டக்ஸ்4 என்ற புரதம் தலைகாட்டுகிறது. கரு நான்கு செல்களாக இருக்கும் கட்டத்தில் பிற மரபணுக்களை முடுக்கிவிடுவது அதன் வேலை. பிறகு பெரும்பாலான திசுக்களில் உடல் அதைப் பூட்டிவிடுகிறது. 4ஆம் குரோமோசோமின் நுனியில் ஒரே டிஎன்ஏ துண்டு வழக்கமாக 11 முதல் 100 தடவை அடுத்தடுத்து வரும். அந்த நீளம்தான் பூட்டு. 10 அல்லது அதற்கும் கீழே குறைந்தால் பூட்டு தளர்கிறது. தளர்ந்தால் மட்டும் போதாது, உருவாகும் ஆர்என்ஏ சிதையாமல் நிலைக்க அருகில் ஒரு குறியீடும் வேண்டும் என்று நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் காட்டியதுதான் 2010இன் திருப்புமுனை. வியப்பு என்னவென்றால், அந்தத் துண்டு ஒன்றுகூட மிஞ்சாமல் போனால் இந்த நோய் வருவதில்லை!

நோயாளியின் தசை செல்களை வளர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய ஆயிரத்தில் ஓர் உட்கருவில்தான் டக்ஸ்4 தென்படுகிறது. அந்தச் சொற்பமே நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பிவிடுகிறது, செல் மடிகிறது. அதனால் ஆய்வாளர்கள் டக்ஸ்4ஐத் தேடுவதைவிட, அது எழுப்பிய மரபணுக்களின் ஆர்என்ஏவைத் தேடுகிறார்கள்.

இந்த ஆர்என்ஏ கணக்கை மட்டும் நம்பவும் முடியாது. பிழையான ஆர்என்ஏக்களைப் பிடித்து அழிக்கும் காவல் ஒவ்வொரு செல்லிலும் உண்டு. அதற்கு முக்கியமான யுபிஎஃப்1 என்ற புரதத்தையே டக்ஸ்4 குறைத்துவிடுகிறது. பிழைகள் குவிகின்றன. 2019இல் வெளியான ஆய்வில், சில மரபணுக்களுக்கு ஆர்என்ஏ ஒரு பக்கம் போக, புரத அளவு வேறு பக்கம் போனது. இரண்டையும் சேர்த்து அளக்காத ஆய்வு பாதிக் கதையைத்தான் சொல்லும் என்பேன்.

டக்ஸ்4ஐ அடக்கும் நோக்கில் வந்த லாஸ்மபிமோட் என்ற மாத்திரை, 2024இல் மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் தரவில்லை. நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பேரிடி. இப்போது டக்ஸ்4இன் ஆர்என்ஏவையே குறிவைத்து அழிக்கும் மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்படுகின்றன. ஆயிரத்தில் ஒன்றாகத் தோன்றும் புரதம் குறைந்ததா என்று கண்டறிவதே அங்கும் பெரும்பாடு.