உள்ளிருந்து எழும் அபாயம்

கணினிக் குறைகளில் ஒரு வகை உண்டு. வெளியாள் நேரே நுழைய அது வழிவிடாது. ஏற்கெனவே உள்ளே சிறிது இடம் பெற்றவனுக்கே பயன்படும். ஆதலின் அற்பமென்று ஒதுக்குவோர் பலர். அவ்வெண்ணம் தவறென்பதற்கு, 2016-ஆம் வருஷம் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ என்னும் குறையே போதிய சாட்சி.

லினக்ஸின் அடிப்படைப் பகுதி கெர்னல். யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று விதிப்பது அதுவே. படிக்க மாத்திரம் உரிமையுள்ளவன் நினைவகத்தில் ஏற்றிய கோப்பில் எழுதப் புகுந்தால், கெர்னல் அவனுக்குத் தனி நகல் தரும்; அசல் பத்திரமாயிருக்கும். ஆனால் நகலெடுப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே ஒரு கணம் இருந்தது. அக்கணத்தில் நகலை எறிந்துவிட்டால், எழுத்து அசலின் மீதே விழுந்தது. இவ்விதம் சாதாரணப் பயனர் ஒருவர் ‘ரூட்’ என்னும் சர்வாதிகாரம் பெறலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-லேயே இதைத் திருத்த முயன்றார். வேறொரு யந்திர வகையில் சிக்கல் நேர்ந்ததால் அத்திருத்தம் விலக்கப்பட்டது. அன்று ஏட்டளவில் நின்ற அபாயம், 2007-ல் வந்த 2.6.22 பதிப்பு முதல் நடைமுறை அபாயமாயிற்று. தாக்கப்பட்ட சர்வர் ஒன்றில் ஃபில் ஓஸ்டர் இதைக் கண்டறிந்த பின்னரே, 2016 அக்டோபரில் பரிகாரம் பிறந்தது.

அத்துடன் முடிந்ததா? இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் அடிப்படை லினக்ஸ் கெர்னலே. 2017 செப்டம்பரில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் ‘ஸினியு’ என்ற தீநிரலை அம்பலப்படுத்தியது. செயலி வேஷத்தில் புகுந்து, இக்குறையால் ரூட் அதிகாரம் கவர்ந்தது அது. அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனரும் இந்தியருமே. திருத்தம் பிறந்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து நேர்ந்தது இது!

ஆகவே இத்தகைய குறையை மதிப்பிட மூன்று கேள்விகள் வேண்டும். அந்த யந்திரத்தைப் பலர் பங்கிடுகிறார்களா? அன்னியர் நிரல் அதில் ஓட இடமுண்டா? திருத்தம் ஏற்றப்பட்டதா? புதுவையின் காரியாலயங்களும் கல்லூரிகளும் இவற்றைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவை.

சென்னை ஸி-டாக் ஆக்கிய ‘பாஸ்’ லினக்ஸைச் சுதேசி என்று போற்றுகிறோம்; போற்றத் தக்கதே. ஆயினும் அதன் கெர்னலும் உலகப் பொதுவானதே. மூலம் எல்லார் கண்ணெதிரே திறந்து கிடந்தும் இக்குறை ஒன்பது வருஷம் உயிர்த்திருந்தது. திறந்த ஏட்டையும் படிப்பார் வேண்டும். நம் வாலிபர் அதைப் படித்துத் திருத்தும் திறம் பெறும் நாளே மெய்யான சுதேசியத்தின் நாள்.