இடித்துக் கட்டுவதா, பெயர்த்து அமைப்பதா?

மாத்தளையின் வாசனைத் திரவிய வர்த்தகராயினும் தலைநகரின் வங்கியாயினும், கணக்கைக் கணினியில் ஏற்றிய எவரும் ஒருநாள் எதிர்கொள்ளும் கேள்வி இது: பல ஆண்டுகளாக இயங்கிவரும் மென்பொருளை நவீன முறையில் மாற்றி எழுத வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

இயங்குவதைத் தொடாதிருப்பதே மேல் என்பது பலரது எண்ணம். ஆனால் உலகம் நிரலுக்காகக் காத்திருப்பதில்லை. நமது நாட்டில் 8 வீதமாக இருந்த வற் வரி, 2022 ஜூனில் 12 வீதமாகவும் செப்டெம்பரில் 15 வீதமாகவும் 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. வரி வீதத்தையும் அது அமுலாகும் திகதியையும் ஓரிடத்தில் பதிந்து வைத்த நிரலுக்கு இது சில நிமிட வேலை. பற்றுச்சீட்டு, விலைக்கழிவு, திரும்பிய சரக்கு எனப் பல இடங்களில் அதே எண்ணை எழுதிவைத்த நிரலில் ஓரிடம் தவறினாலும் கணக்குப் பிசகும்.

பாராமுகத்தின் விலையை நாடு 2023இல் கண்டது. காலங்கடந்த மென்பொருளில் இயங்கிய அரச மின்னஞ்சல் சேவை தாக்குதலுக்குள்ளாகி, மே முதல் ஓகஸ்ட் வரையான மடல்கள் மீட்க இயலாது அழிந்தன.

அவசரத்தின் விலையும் குறைந்ததன்று. பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் புதிய கணினி முறைமைக்கு மாறியது. இலட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தமது கணக்குகளை அணுக முடியாது தவித்தனர். 2022இல் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை மாத்தளை மாவட்டமே காட்டுகிறது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த நாலந்த கெடிகே, கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, 1980இல் உயர்ந்த இடத்தில் மீள அமைக்கப்பட்டது. அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், மனனத்தில் மட்டுமே வாழ்ந்த திரிபிடகம் அழிந்துவிடலாம் என அஞ்சிய பிக்குகள், அதனை அலுவிகாரையில் ஏட்டில் எழுதினர்.

பழைய நிரலுக்கும் இதுவே முறை. அதனை அறிந்தவர் ஓய்வுபெறுமுன் அவர் அறிந்ததை எழுதிவைக்க வேண்டும். வீணாகத் தோன்றும் ஒரு நிபந்தனை, என்றோ ஒரு வாடிக்கையாளருக்கு அளித்த சலுகையாக இருக்கலாம். பின்னர் ஒவ்வொரு பகுதியாக மாற்றி, பழையதும் புதியதும் ஒரே விடையைத் தருகின்றனவா எனச் சில மாதங்கள் ஒப்பிட்ட பின்னரே பழையதைக் கைவிட வேண்டும். மாறாத பகுதியை வெறும் நாகரிகத்திற்காகத் தொட வேண்டியதில்லை.

நிரலின் வயது குற்றமன்று. அதனைப் புரிந்தவர் எவருமில்லாத நிலையே ஆபத்து என்பது எமது கருத்தாகும்.